கதவை அடைத்துச் சொன்ன பாடம்

“மெல்லச் சொல்லு மக்கா. பக்கத்து வீட்டு அம்மிணி கேட்டா, செங்கல் ஊரு முழுக்கக் கேட்டதாக்கும்.”

சிவதாணு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். மகள் ஸ்ரீகலா கைபேசியை வாயருகே வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். “இஃப்தஹில் கிதாப்.” புத்தகத்தைத் திற. பிள்ளைகள் வீட்டில் கேட்டு, அதேபோல் சொல்லிப் பதிந்து அனுப்ப வேண்டிய பாடம்.

கேரளத்தில், தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அவள் அரபி ஆசிரியை. சைவக் குடும்பத்துப் பெண் அரபி படிப்பிப்பதா? சர்க்கார் சம்பளம் மட்டும் வேண்டும், பாடத்தின் பெயர் வெளியே தெரியக் கூடாது. நல்ல நியாயம்! கல்யாணம் பேசிய இடத்திலெல்லாம் அப்பா அவளை இந்தி டீச்சர் என்றே சொல்லிவந்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதமாகக் கதவை அடைத்துக்கொண்டுதான் பாடங்களைப் பதிந்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், பிள்ளைகள் அனுப்பியவற்றைப் போட்டுக் கேட்டாள். அத்தனையும் கிசுகிசுப்பு. விளையாடும்போது கத்திப் பள்ளிக்கூடத்தையே இரண்டாக்குகிற அஞ்சு என்ற சிறுமிகூட முணுமுணுத்திருந்தாள்.

“ஏன் பிள்ளே, சத்தமாச் சொன்னா என்ன?”

“டீச்சர் அப்பிடித்தானே சொல்லியிருந்தது? ஆரும் கேக்கப்பிடாதுன்னு நெனச்சேன். நானும் கதவ அடச்சிட்டாக்கும் சொன்னேன்.”

ஸ்ரீகலாவுக்கு முகம் எரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒளியக் கற்றுக்கொடுத்தது தானே என்று நினைக்க அவமானமாக இருந்தது. முன்வரிசையில் நாலைந்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் அரவிந்துக்குச் சார்ஜாவில் வேலை. அவன் அம்மா விஜயம்மா காப்பியை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“மோளு ஸ்கூல்ல என்னவாக்கும் படிப்பிக்கியது?”

“இந்தி,” என்றார் சிவதாணு.

“அரபி,” என்றாள் ஸ்ரீகலா, எல்லாருக்கும் கேட்கும்படி.

விஜயம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “நம்ம ஆளுவளுக்கு அது சரிப்படுமா?”

“ஒங்க மகனுக்குச் சோறு போடுதது அரபி நாடுதானே மாமி?”

காப்பி ஆறுவதற்குள் வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சிவதாணு நாற்காலியில் சரிந்தார். “எல்லாத்தயும் கெடுத்துப்போட்டியே மக்கா.”

“கெடுத்துப்போட்டேன்தான் அப்பா. இருவத்திரெண்டு பிள்ளையள.”

அவள் கைபேசியோடு முற்றத்துக்கு வந்தாள். முதல் பாடத்திலிருந்து ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி, மறுபடியும் பதியத் தொடங்கினாள்.