எண்ணெய் வைத்த தலை

இரும்புக் குண்டு விழுந்ததும் தலைக்கவசம் முட்டைக்கோது மாதிரிப் பிளந்தது. விக்னராஜா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். கட்டட வேலைக்காரருக்காக மெல்பேர்ண் தொழிற்சாலையொன்று புதிதாகச் செய்த பிளாஸ்டிக் அது. அவன் வேலைபார்க்கும் ஆய்வுகூடத்தில் ஐந்து பேர் ஆளுக்கொரு கவசத்தை இரண்டு வாரம் அணிந்து பார்த்தபின் நடந்த சோதனை. மற்ற நான்கும் குண்டைத் தாங்கிக்கொண்டன. பிளந்தது அவனுடையது மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வேலை இன்னும் நிரந்தரமாகாத ஒருவனின் தலையில் பழி விழ எவ்வளவு நேரம் வேண்டும்?

பிளந்த துண்டின் உட்புறம் விரலில் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தான். தேங்காயெண்ணெய். தினமும் காலையில் மனைவி யோகா அவன் உச்சியில் தப்பித் தேய்த்து அனுப்புகிற அதே எண்ணெய். அதே பிளாஸ்டிக்கில் புதுத் துண்டொன்றை வளைத்துக் கட்டி, அந்த எண்ணெயைப் பூசி வைத்தான். மறுநாள் அதிலும் மயிரிழையாய் வெடிப்புகள் ஓடியிருந்தன.

மேலாளர் ஹாரிஸிடம் சொன்னான். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிளாஸ்டிக்கில் குற்றமில்லை, உன் தலையில்தான் குற்றம் என்றார். திங்கள் முதல் தலையைக் கழுவிவிட்டு வந்து புதுக் கவசம் போடு, அது தாங்கினால் உற்பத்தி தொடங்கும், உன் வேலையும் நிரந்தரமாகும் என்று தோளில் தட்டினார். விக்னராஜாவும் சிரித்து வைத்தான். அப்படிச் சிரித்ததற்காக வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

மாடிப்படியில் கீழ்வீட்டு ஸ்டாவ்ரோஸ் எதிர்ப்பட்டான். கிரேக்கன், கொத்து வேலை செய்கிறவன். புதுத் தொப்பி எப்போது வரும், பழையது கழுத்தை முறிக்கிறது என்று கேட்டான். விக்னராஜாவின் கண் அவன் தலைமயிரிலேயே நின்றது. படிய வாரி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. என்ன பூசுகிறாய் என்று கேட்டு, கூச்சத்தை விட்டு அந்தத் தலைக்கிறீமில் ஒரு விரலளவு வாங்கி வந்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலோரம், ஸ்டாவ்ரோஸின் கிறீமைப் பூசி வளைத்துக் கட்டி வைத்த பிளாஸ்டிக் துண்டை அவன் சுற்றிச் சுற்றி வந்தான். வெடிக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டான். ஒரு வேதியியலாளன் செய்கிற வேலையா அது? ஆனாலும் நேர்ந்தான். திங்கட்கிழமை விடிய, துண்டு நெடுக வெடித்திருந்தது.

"இஞ்சேருங்கோ, சுடுதண்ணி வைச்சிருக்கு. தலையைக் கழுவுங்கோவன்," என்றாள் யோகா.

அவன் கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தான். "எண்ணெய் வையும்."

"அந்த மனுசன் வேண்டாமெண்டு சொன்னவரெல்லோ?"

"ஓம்."

"வேலை போனா என்னப்பா செய்யிறது?"

அவனுக்கும் அதுதான் பயம். "அவரும் பாக்கட்டும். அவருக்கு முன்னாலயே இந்தத் தலையிலை புதுக் கவசத்தைப் போடப்போறன். ஸ்டாவ்ரோஸின்ரை கிறீமிலை வெடிச்ச துண்டையும் கொண்டு போறன்."

மெல்பேர்ணின் யூன் மாதக் குளிரில் எண்ணெய் போத்தலோடு உறைந்து வெள்ளையாய் நின்றது. அவன் தலை கழுவ வைத்திருந்த சுடுதண்ணீரில் யோகா போத்தலை இறக்கினாள். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்டாவ்ரோஸ் விசிலடித்தபடி வேலைக்குப் போனான். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருவரும் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரம் தெளிந்துவிட்டது, நடுவில் வெள்ளைக்கட்டி இன்னும் கரையவில்லை.