புதன்கிழமைக்குள் ஒரு டயர்

மெப்பல் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, சன்னலே இல்லாத ஒரு பெரிய தகரக் கட்டடம் நிற்கிறது. அதற்குள்தான் அந்தச் சைக்கிள் சாமான் கடை இருந்தது. கடை என்றால் ஆள் ஏறி இறங்குகிற கடை இல்லை, எல்லாம் இணையத்தில்தான். செயின், பிரேக் கட்டை, மணி, டயர் எதுவானாலும் படுக்கப் போவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டால் மறுநாள் வீட்டு வாசலில் இருக்கும். 'இன்று சொன்னால் நாளை வீட்டில்' என்று வேனிலும் அட்டைப் பெட்டியிலும் காப்பிக் கோப்பையிலும்கூட அச்சடித்து வைத்திருந்தார்கள். வெறும் வாய்ச்சவடால் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் பேச்சைக் காப்பாற்றக் கிடங்கில் ஆட்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும்.

ரூலீன் அங்கே ஃபோன் எடுப்பவள். சாமான் வரவில்லை, உடைந்து வந்தது, பச்சை கேட்டால் கறுப்பு வந்தது என்று ஊரெல்லாம் திட்டுகிற திட்டைக் காதில் வாங்கிக்கொள்கிற வேலை. நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அதற்குக் காரணம் ஒரே ஒரு பழக்கம்: யாராவது 'இருபத்தெட்டு இஞ்ச் டயர்' என்றால் அவள் நம்பவே மாட்டாள்.

ஏனென்றால் அந்த நாட்டில் இருபத்தெட்டு இஞ்ச் என்பது இரண்டு சாதி. பழைய கறுப்புச் சைக்கிளுக்கும் இருபத்தெட்டுதான், புதுச் சைக்கிளுக்கும் இருபத்தெட்டுதான். பேர் ஒன்று, அளவு வேறு. பழசுக்கு ரிம் 635 மில்லிமீட்டர், புதுசுக்கு 622. வித்தியாசம் ஒரு விரலகலம்கூட இல்லை. ஆனால் சின்னதைப் பெரியதில் ஏற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. கேட்டால் அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'இருபத்தெட்டு' என்பார்கள். பிறந்ததிலிருந்து சைக்கிளில் கிடக்கிற ஜனம், அதற்குத் தெரியாதா என்று ஒரு திமிர்! அதனால் ரூலீன், "டயர் ஓரத்துல பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், அதப் படிங்க" என்று கேட்காமல் ஒரு டயரும் அனுப்பியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் கேட்கவில்லை.

ஃபோனில் வந்தது ஒரு கிழவர் குரல். வடக்கே, ஃப்ரீஸ்லாந்தின் கடலோரப் பக்கத்துப் பேச்சு.

"ஏம்மா, பின் சக்கரத்துக்கு ஒரு டயர் வேணும். இருபத்தெட்டு இஞ்ச். புதன்கிழமைக்குள்ள வந்துடுமா?"

"நாளைக்கே வந்துடும் ஐயா."

"நிச்சயமா? வியாழக்கிழமை என் பொண்டாட்டி சாகப்போறா. அதான் கேக்கறேன்."

ரூலீனின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. தான் சரியாகத்தான் கேட்டோமா என்று அவளுக்குச் சந்தேகம்.

"அன்னிக்கு மத்தியானம் டாக்டர் வர்றாரு. அவளே கேட்டதுதான், நாள் குறிச்சாச்சு. புத்துநோய் எலும்பு வரைக்கும் போயிடுச்சு, இதுக்கு மேல அவளால தாங்க முடியாது," என்றார் கிழவர். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னார். "என்கிட்ட ஒரு பழைய வண்டி இருக்கு, முன்னால மரப்பெட்டி வெச்சது. கல்யாணமான புதுசுல அதுலதான் அவள வெச்சு ஓட்டுவேன். புதன்கிழமை அதுல உக்கார வெச்சு கடலணை மேல ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும். டயர் வெடிச்சுக் கிடக்கு. இங்க ஊர்ல கடையும் இல்ல."

தீராத நோயாளி கேட்டால் டாக்டரே மருந்து கொடுத்து அனுப்பிவைக்கச் சட்டம் இடம் தருகிற நாடு அது, நாள் குறித்துக்கொண்டு போவது அங்கே புதிதில்லை. ரூலீனின் சித்தப்பாவே அப்படித்தான் போனார். ஆனால் ஒரு டயருக்கு இப்படி ஒரு காரணம் சொன்ன ஆளை அவள் கேட்டதேயில்லை. இவரிடம் போய் 'ஓரத்தில் என்ன நம்பர், படியுங்கள்' என்றா கேட்பது? மனசாட்சி இருக்கிற யாரும் கேட்பார்களா? "வருத்தமா இருக்கு ஐயா, நான் பார்த்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பேர் ஹெஸல், ஊர் வீரம் என்று குறித்துக்கொண்டாள். எல்லோரும் வாங்குகிற டயரைத் திரையில் அழுத்தினாள். அதோடு விடாமல் தானே எழுந்து கிடங்குக்கு ஓடி, வரிசையில் இருந்த பெட்டியை உருவி, கிளம்பத் தயாராக நின்ற வேனில் தன் கையாலேயே வைத்துவிட்டு வந்தாள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தன்னைப் பற்றியே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. 'திருப்தியா?' என்று கடை கேட்டதற்குக் கிழவர் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை அழுத்தி அனுப்பியிருந்தார்.

"பாருங்கப்பா, ரூலீனுக்கு இன்னொரு சிரிப்பு மூஞ்சி!" என்று மேலாளர் பாஸ்டியான் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். "எங்களுக்கெல்லாம் வசவு, இவளுக்கு மட்டும் எங்கருந்துதான் கிடைக்குதோ!"

புதன்கிழமை காலையில் அதே குரல்.

"ஏம்மா, இது ஏறவே மாட்டேங்குது. புது டயர், இறுக்கமாத்தான் இருக்கும்னு நேத்து பூரா மல்லுக்கட்டினேன். சோப்புத் தண்ணி விட்டேன். நெம்பின ரெண்டு கரண்டி வளைஞ்சுபோச்சு. ஒரு பக்கம் ஏத்தினா மறுபக்கம் துள்ளி வந்துடுது."

ரூலீன் திங்கட்கிழமை ஆர்டரைத் திரையில் திறந்தாள். "ஐயா... பழைய டயர் ஓரத்துல ஒரு நம்பர் இருக்கும். கொஞ்சம் படிங்களேன்."

"இரு, கண்ணாடி போடறேன்... அறுநூத்தி முப்பத்தஞ்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டது பக்கத்து மேசைக்காரிக்குக் கேட்டது. ஒரே ஒரு கேள்வி! ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி! இரக்கப்படுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருந்தாளே தவிர, அந்த மனுஷனுக்கு அவளிடமிருந்து வேண்டியிருந்தது இரக்கமா? டயர்தானே? அதை ஒழுங்காகக் கொடுக்கத் துப்பில்லை.

"ஐயா, என் தப்பு. நானே கொண்டு வர்றேன்."

"நீயேவா?"

"நானேதான். மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

பாஸ்டியான் குறுக்கே வந்து நின்றான். "ஏய், என்ன இது? கஸ்டமர் வீட்டுக்கெல்லாம் நாம போறதில்ல. திருப்பி அனுப்பச் சொல்லு, புதுசு நாளைக்குப் போயிடும்."

"நாளைக்கு அந்தம்மா சாகுது பாஸ்டியான்."

அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

வடக்கே போகப் போக மழை பிடித்துக்கொண்டது. சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற புல்வெளி, நனைந்த ஆடுகள், எதிர்க்காற்று. சரியான டயர் பின் இருக்கையில் கிடந்தது. மூன்று தடவை நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வண்டியையே எடுத்திருந்தாள். மழை விட்டுவிட வேண்டும், கடவுளே, ஒரு மணி நேரம் விட்டால் போதும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள். கடவுளை நினைத்து அவளுக்கு வருஷக்கணக்காகியிருந்தது.

வீரம் என்கிற அந்தக் கடலோர ஊரில், அணையை ஒட்டினாற்போல் தாழ்வான ஓட்டு வீடு. மழை நின்றிருக்கவில்லை, ஆனால் தூறலாகக் குறைந்திருந்தது. மணியை அடித்தால் யாரும் வரவில்லை. கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது.

"உள்ள வாங்க, கதவு திறந்துதான் இருக்கு!" என்று ஒரு பெண் குரல்.

முன்னறையில், சோபாவை நகர்த்திவிட்டு, சன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பொடி உருவம். ஹில்ட்யா. போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன்மேல் மடிக்காத துணி குவிந்திருந்தது.

"மருந்துக் கடையிலருந்தா?"

"இல்லம்மா. நான் டயர் கொண்டாந்திருக்கேன்."

"ஓ, அந்த டயரா!" ஹில்ட்யா சிரித்தாள். சிரித்தது வலித்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "இந்த வீட்ல இப்ப என்னவிட அதுக்குத்தான் மரியாதை. அந்த மனுஷன் பின்னால கொட்டகையில இருக்கான். காலையிலருந்து அங்கதான்."

"நேரம் இருக்கும்மா. நான் மாட்டிக் குடுத்துடறேன், மழையும் விட்டுடும், நீங்க போய்ட்டு வந்துடலாம்," என்றாள் ரூலீன்.

"எங்க?"

"கடலணைக்கு."

"ஏம்மா, எனக்கென்ன பைத்தியமா? இந்தக் குளிர்ல ஒரு மரப்பெட்டிக்குள்ள குலுங்கிக்கிட்டுப் போறதுக்கு? திரும்பிப் படுத்தாலே எலும்பு கத்துது. கடல நான் பார்க்காததா? பொறந்ததுலருந்து அதோட மூஞ்சியிலதான் முழிக்கறேன்."

"அப்ப... வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? கூரை ஓடு மாத்தப் போயிடுவான்." ஹில்ட்யா தலையைச் சன்னல் பக்கம் திருப்பினாள். "கையில வேலை இல்லாம அவனால ஒரு எடத்துல இருக்க முடியாது. அம்பது வருஷமா தெரிஞ்சதுதான். திங்கக்கிழமை ஃபோன். அப்புறம் வேன் வருதா வருதான்னு வாசல்லயே நின்னான். நேத்து பூரா கொட்டகை. எனக்கு இருந்ததே மூணு நாளு. அதுல ரெண்ட உங்க டயர் தின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. அந்த நாக்காலியில வந்து உக்காருவான்னு பார்த்துட்டே இருக்கேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஓடி ஓடி வேனில் ஏற்றியது, தன்னையே மெச்சிக்கொண்டது, சிரிப்பு மூஞ்சி, இத்தனை தூரம் காரை விரட்டிக்கொண்டு வந்தது எல்லாம் ரூலீன் கண்முன் வந்து நின்றன. வெட்கமாக இருந்தது. நாற்காலியிலிருந்த துணியை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். பிறகு வெறுங்கையோடு பின்பக்கம் போனாள்.

கொட்டகையில் அந்த வண்டி பின்சக்கரத்தைத் தூக்கிக் கட்டைமேல் நின்றது. ஹெஸல் நெடுநெடுவென்று உயரம், கைகளில் முழங்கை வரை கறுப்பு மசகு. மரப்பெட்டியில் மெத்தை, தலையணை, கம்பளி எல்லாம் கச்சிதமாக அடுக்கி, மழை படாதபடி மேலே பாய்த்துணிகூடக் கட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் ரூலீனின் துணிச்சல் பாதி போய்விட்டது.

"வந்துட்டியா! எங்க டயரு?"

"ஐயா, மன்னிச்சுக்குங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவசரத்துல மறுபடியும் தப்பு அளவையே எடுத்துட்டு வந்துட்டேன்."

"என்னது?"

"அறுநூத்தி இருபத்திரண்டு. இது ஏறாது."

கிழவர் கையிலிருந்த கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு? இத்தன தூரம் வந்து இதைச் சொல்றியே, வெக்கமா இல்ல? உன்னெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான்? செருப்பு விக்கக்கூட லாயக்கில்லாத ஜென்மம்! ஒரு டயர்! ஒரே ஒரு டயர் கேட்டேன்!"

ரூலீன் நின்று வாங்கிக்கொண்டாள். வசவு வாங்குவது அவளுக்குத் தொழில்தான், ஆனால் இப்படி ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய்த் தைத்ததில்லை. சரியான டயர் இருபது அடி தூரத்தில், காரில் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனுஷன் முகம் மலர்ந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு கடைதான் இருக்கீங்கன்னு நெனப்பா?" ஹெஸல் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். மசகு விரலுக்குத் திரை வழுக்கியது. "வேற எடத்துல போடறேன், பாரு. இப்பப் போட்டா நாளைக்குக் காலையில—"

அங்கேயே நின்றுவிட்டார்.

ஃபோனை மெல்ல வண்டியின் மேல் வைத்தார். சக்கரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கொட்டகை முழுக்க ஒரு தடவை பார்த்தார். செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் மிச்சமில்லை.

"இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

"உள்ள போய் அவங்க பக்கத்துல உக்காருங்க ஐயா."

"உக்காந்து?" அவர் அவளை நேராகப் பார்த்தார். அத்தனை வயதான மனிதரின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததேயில்லை. "உக்காந்து என்ன பேசறது? எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலையேம்மா."

ரூலீன் கொட்டகைக் கதவை அவருக்காகத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் ஈரத்தில் கால் இழுத்து நடந்து, சமையலறை வழியாக உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

"அந்தக் கழுதைங்க மறுபடியும் தப்பாக் கொண்டாந்திருக்குங்க, ஹில்ட்யா."

"சரி, விடு."

"போக முடியாது போல."

"விடுங்கறேன்ல. அந்தக் கையக் கழுவிட்டு வா மனுஷா. இங்க, இதுல உக்காரு."

தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நின்றது. நாற்காலி தரையில் உராய்ந்தது. பிறகு ஹெஸல் அழுதார். இத்தனை நாளில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை என்பது, அந்த அழுகையைக் கேட்ட யாருக்கும் புரிந்திருக்கும். சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு, விக்கி விக்கி அழுதார். நடுவில் ஹில்ட்யாவின் குரல் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

ரூலீன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மழை சுத்தமாக விட்டு, அணையின் மேல் லேசாக வெயில்கூட வந்திருந்தது. காருக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று கதவைப் பைய இழுத்துச் சாத்திக்கொண்டாள்.