பெயரில்லாத 417

"மானுட வரலாற்றில் காகிதத்தின் காலம் வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முடிவடைகிறது. தேநீரும் பழம்பொரியும் உண்டு."

வித்துரா சாலையில் உள்ள அனந்தமலர் பால் ஆலையின் பொது மேலாளர் ஸ்ரீகண்டன் இப்படியொரு சுற்றறிக்கை விட்டார். உண்மையில் முடிவடைந்தது ஒரு பிரிண்டர். கொதிகலனோ குளிர்பதனமோ முரண்டு பிடித்தால் கன்ட்ரோல் ரூமில் கறகறவென்று ஒரு வரி அடிக்கும். இருபத்திரண்டு வருட உத்தியோகம். இனி எல்லா அலாரமும் நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரில் பதிவாகும். செவ்வாயன்றே பிரிண்டருக்கு மாலை போட்டு, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'ஓய்வு பெற்ற வீரன்' என்று பித்தளைப் பலகையும் மாட்டியாயிற்று.

அன்று மத்தியானம் பெரிய திரையில் ஒரு சிவப்பு வரி தெரிந்தது: அலாரம் 417. அணைத்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி வந்தது. பெயரும் இல்லை, காரணமும் இல்லை.

"திரையில ஒரு பொட்டுச் சிவப்பு இருந்தாலும் வெள்ளிக்கிழமை நான் எப்படி மூஞ்சியைக் காட்டறது? அது போறவரைக்கும் உன் பெர்மனன்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார் ஸ்ரீகண்டன், ஒப்பந்த இன்ஜினியர் பாகீரதியிடம்.

புதன்கிழமை ஆபரேட்டர் நயினார் வைத்தியம் சொன்னார். "பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா அடிச்சாச் சரியாவும், மேடம்."

"ஜி.எம். காலம்பறயே பதினொண்ணு அடிச்சுட்டு வந்துட்டார், நயினார் சார்."

"அப்போ பிள்ளையாருக்கும் நெட்வொர்க் கிட்டல, கேட்டியளா!"

பாகீரதிக்குப் பயத்தைவிட ஆவல் அதிகம். தொட்டி, வால்வு, பம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சமர்த்தாக இருந்தன. பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டிக் கம்ப்யூட்டரில் அலாரங்களுக்குப் பெயர் எழுதியவளே அவள்தான். அவற்றில் 416 உண்டு, 418 உண்டு. 417 ஒரு தடவைகூட அச்சாகவில்லை.

எப்போது தொடங்கியது? பதிவில் தேடினாள்: செவ்வாய், காலை 10.14. அந்த நேரத்தில் ஆலையில் என்ன நடந்தது? ஸ்ரீகண்டன் உடனுக்குடன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நாற்பது படங்களைத் திறந்தாள். 10.14 படத்தில் அவர் பிரிண்டரின் கேபிளை உருவி, பாம்பாட்டி மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நயினார் சார், பேப்பர் தீர்ந்தா பிரிண்டர் என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும், சும்மா நிக்கும். நாங்க பாத்து மாத்துவோம்."

"பிரிண்டர் வேலை செய்யலைன்னு சொல்ற அலாரம்தான் 417. அதை எந்தப் பிரிண்டர் அடிக்கும்?"

நயினார் திரையை எட்டிப் பார்த்தார். "எம்மோ! இத்தன வருசமா வாயில்லாம அழுதிருக்கு! அழிச்சுக் களஞ்சிரலாம்லா?"

"அதுக்கு அலாரம் அனுப்பற பழைய கன்ட்ரோலரோட பாஸ்வேர்டு வேணும். அதைப் பண்ணின கம்பெனியையே மூடிட்டா."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. காகிதமற்ற யுகத்தைப் பற்றி ஸ்ரீகண்டன் நாற்பது நிமிடம் பேசினார். பாகீரதியின் உத்தரவில் மேடையிலேயே கையெழுத்துப் போட்டார்.

கன்ட்ரோல் ரூமிலிருந்து வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டி வரை, பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு கேபிள் ஓடுகிறது. பெட்டியின் சாவி நயினாரிடம் இருக்கிறது. காகிதம் தீர்ந்தால் அவர் மாற்றுவார்.