ஏரியில் ஏத்தம் வரும்வரை

காஷ்மீருக்குப் போகச் சொன்னது எங்கள் மகள் ஜுமானா. "அத்தாவும் நீங்களும் மட்டும் போங்கம்மா. எங்களையும் இழுத்துக்கிட்டுப் போகாதீங்க" என்று சொல்லி, டிக்கெட்டையும் எடுத்துவிட்டாள்.

கல்யாணமானதிலிருந்து என் கணவர் ஹசன் அலி மஸ்கட்டில்தான் இருந்தார். விடுமுறைக்கு எங்கள் கடலோர ஊரான புதுமடம் வருவார், போவார். போன வருடம் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார் என்று நினைத்திருந்தேன். நாங்கள் காஷ்மீருக்குக் கிளம்புகிற சமயத்தில் பழைய முதலாளி போன் செய்து மறுபடியும் கூப்பிட்டார். ஊர் திரும்பியதும் பதில் சொல்வதாக இவர் சொல்லியிருந்தார்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் பெட்டி கட்டிக் கொடுத்தே பழகியவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவராகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

ஸ்ரீநகரில் படகு வீட்டில் தங்கினோம். காலையில் சின்னப் படகில் வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றினோம். வாசற்படிகள் நேராகத் தண்ணீரில் இறங்கின. கீரையும் நூக்கோலும் படகில் வந்து விலை போயின. இவர் படகோட்டியிடம் இந்தியில் பேச ஆரம்பித்தார். மஸ்கட்டில் கற்ற இந்தி. கையை வீசி, தொடையைத் தட்டிச் சிரித்தார். இவருக்குள் நான் பார்க்காத ஒரு ஆள் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறான். எனக்கு வந்தது பொறாமையா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"என்ன சொல்லிச் சிரிக்கிறீங்க மச்சான்?"

"ஒன்னயப் பத்தித்தான். நீ தண்ணியத் தொட்டு நாக்குல வச்சுப் பாத்தியில்ல."

"உப்புக் கரிக்குதான்னு பாத்தேன். நீங்க பாக்கலையாக்கும்?"

"நான் ஆரும் பாக்காதப்பப் பாத்தேன்."

மறுநாள் மானஸ்பல் ஏரி. மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தன. கரையோரம் முழுக்கத் தாமரை இலை. வாடகைப் படகுக்காரன் கூட வருவதாகச் சொன்னான். இவர் கேட்கவில்லை. "புதுமடத்துக்காரனுக்குப் படகோட்ட ஆளு வேணுமாக்கும்."

மஸ்கட்டில் இவர் ஏசி மெக்கானிக். துடுப்பைக் கடைசியாகத் தொட்டது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். இருந்தும் நன்றாகவே வலித்தார். எதிர்க்கரையில் நாணல்களுக்கு நடுவே மட்டும் வேகத்தைக் குறைக்காமல் விட்டுவிட்டார். படகு சேற்றில் ஏறி நின்றது. இறங்கி மர நிழலில் ரொட்டியும் ஊரிலிருந்து கொண்டுபோன மாசிச் சம்பலும் தின்றோம். பிறகு படகைத் தள்ளினார். அது அசையவில்லை.

"விடு. வத்தத்துல வந்து ஏத்திட்டோம். ஏத்தம் வரட்டும், தானா மெதக்கும்."

எங்கள் கடற்கரையில் அதுதான் வழக்கம். தரைதட்டிய படகோடு யாரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள். வற்றிய கடல் மறுபடி ஏறும்வரை உட்கார்ந்து கதை பேசுவார்கள். நாங்களும் உட்கார்ந்தோம்.

தண்ணீர் ஏறுகிறதா என்று ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி நனைந்திருந்த கல், பாதியாகவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இது ஏரி. ஏரிக்கு ஏது ஏத்தமும் வத்தமும்? சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மஸ்கட் அறையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

"வெள்ளிக்கெழம மீன் பொரிச்சா ஒரு பூனை வந்துரும். அதுக்கு ஹபீபான்னு ஒன் பேரத்தான் வச்சிருந்தேன்."

"பூனைக்கா?"

"அதட்டிக்கிட்டே இருக்கும்."

போனில் நாங்கள் பேசியதெல்லாம் காரியங்கள். பள்ளிக்கூடம், ஒழுகுகிற கூரை, யார் வீட்டுக் கல்யாணம் என்று. பூனை வந்ததே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கூட இருந்த மலையாளி, அவன் குறட்டை, நோன்பு காலத்தில் மொட்டைமாடியில் கூடிக் கஞ்சி குடித்தது. ஒவ்வொன்றாக வந்தது.

அந்தப் பக்கமாக ஒரு படகுக்காரர் வந்தார். இந்தியில் ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே போனார்.

"என்ன கேட்டாரு?"

"படகு சிக்கிருச்சா, இழுத்து விடவான்னு. வேணாம், தண்ணி ஏறட்டும்னு இருக்கோம்னேன்."

"அதுக்கு ஏன் சிரிச்சாரு?"

"ஏரியில எங்கிட்டுத் தண்ணி ஏறும்?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒக்காந்த கொஞ்ச நேரத்துலயே தெரியும். நீ அந்தக் கல்லயே பாத்துக்கிட்டு இருந்த. ஒனக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். நீ சொல்லல, நானும் சொல்லல."

எனக்கு அப்போது எந்தப் பயமும் இல்லை. "மச்சான், மஸ்கட்டுக்குப் போகாதீங்க" என்றேன்.

அவர் ஒரு நாணலைப் பிடுங்கி, கிழித்து, தண்ணீரில் போட்டார்.

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டா, போயிட்டு வாங்கன்னு சொல்லிப்புடுவியோன்னு இருந்துச்சு."

நான் எழுந்தேன்.

"இப்பவே அந்த மொதலாளிக்குப் போனப் போடுங்க."

அவர் போனை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இங்கன டவர் இல்ல."

"அப்ப வாங்க, படகத் தள்ளுவோம்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.