இரவல் கவுன்

லுஜைன் வீடியோவில் தன் முகத்தைக் காட்டியதே இல்லை. இர்பித் நகரத்து வீட்டில், ஜன்னலோரம் குர்ஆனை விரித்து, பக்கமும் விரலும் மட்டும் தெரிகிற மாதிரி கைப்பேசியை நிறுத்திவிட்டு ஓதுவாள். அந்த ரமலானில் அவள் குரல் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. கேட்டு அழுததாக அல்ஜீரியாவிலிருந்துகூட எழுதினார்கள். பெண்பிள்ளையின் குரலை அந்நிய ஆண்கள் கேட்பதா என்று வசவும் வந்தது. அவற்றைத் தள்ளிவிட்டுப் போவாள்.

'சத்தியக் காவலன்' என்ற பேரில் வந்தவனை மட்டும் தள்ள முடியவில்லை. ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே வந்து நின்றான். ஒரு நாள் எழுதினான்: "அக்கா கல்யாணத்துல இரவல் சிவப்புக் கவுன் போட்டு ஆடினவதானே இவ? இப்ப என்ன பக்தி வேஷம்?"

லுஜைன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கல்யாணத்தில் அவள் ஆடிய பெண்கள் கூடத்தில் ஓர் ஆணும் இருக்கவில்லை. கவுன் இரவல் என்பது, அதைக் கொடுத்த தோழி ஹதீலுக்கு மட்டுமே தெரியும். இருவரும் ஒரே ஆசிரியையிடம் ஓதக் கற்றவர்கள்.

மறுநாள் கல்லூரி வாசலில் லுஜைன் அவளை மறித்தாள்.

"நீதானடி அந்தக் காவலன்?"

ஹதீல் மறுக்கவில்லை. "ஆமா, இப்ப என்ன? உன்னைவிட நல்லா ஓதுறவ நான். டீச்சரே சொல்லியிருக்காங்க. என்னைக் கேக்க பத்துப் பேர், உன்னைக் கேக்க லட்சம் பேரு. நீ அல்லாஹ்வுக்கா ஓதுற? லைக்குக்கு ஓதுற."

"அதை நேர்ல சொல்ல வாய் இல்லையா? ஆம்பளைப் பேரு எதுக்கு?"

"பொம்பளை சொன்னா எவன் கேக்குறான்?"

"நீயும்தானே ஓதிப் போடுற? உன் குரல் மட்டும் ஹலாலா?"

"என் குரலை எவன் சீண்டுறான்? போடி, போய் உன் லைக்கை எண்ணு."

அன்று சாயங்காலம், நோன்பு திறக்கும் முன்னே, காவலன் எழுதிய வசவுகளை எல்லாம் ஹதீலின் படத்தோடும் பேரோடும் லுஜைன் போட்டுவிட்டாள். பேரீச்சம்பழமும் சூப்பும் முடிவதற்குள் தீ பற்றிக்கொண்டது. அவள் ஓதக் கேட்டு அழுதவர்களே ஹதீலை நாறடித்தார்கள். இவளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதே மார்க்கம் என்று ஒருவன் எழுதினான். அதற்குத்தான் லைக் அதிகம். ஹதீலின் தகப்பனார் மகளின் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, படிப்பையும் நிறுத்தினார்.

ஹதீலின் தாய் அழைத்தாள். "மகளே, அதை எடுத்துடும்மா. வாசல்ல வந்து நின்னு கத்துறானுங்க."

"என்னை அவ கிழிச்சப்ப எங்க இருந்தீங்க, சாச்சி?"

"எனக்குத் தெரியாதும்மா."

"இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல." துண்டித்துவிட்டாள்.

அந்த ரமலான் முடியும் வரை லுஜைன் ஓதினாள். குரல் பிசகவில்லை. கூட்டம் முன்னைவிடப் பெருகியது. மனசு உறுத்தும் என்று எதிர்பார்த்திருந்தாள்; உறுத்தவில்லை. தினமும் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், குர்ஆனைத் திறப்பதற்கு முன் கைப்பேசியைத் திறப்பாள். ஹதீலைப் பற்றிப் புதிதாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். கடைசி வரை படித்துவிட்டுத்தான் ஓதத் தொடங்குவாள்.