கோடு குறுக்கிடாத படம்

திரையில் இருந்த பச்சைப் புள்ளிகளில் ஒன்று மட்டும் மாரியம்மன் திருவிழா வாரம் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறது என்பதைக் கவனித்தபோதுதான், அந்தப் புள்ளி தன் அம்மா என்று தமிழ்மதிக்குத் தெரிந்தது. மவுஸின் மேல் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அட்டுவம்பட்டிச் சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தது. பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

அவளுடைய வேலை படம் போடுவது. யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தக் கிளை எந்தக் கிளைக்குச் சரக்கு அனுப்புகிறது என்று கம்பெனிகள் தரும் விவரங்களைப் படமாக்க வேண்டும். ஓர் ஆள் ஒரு புள்ளி. ஒருவர் இன்னொருவரோடு பேசினால் நடுவில் ஒரு கோடு. கம்ப்யூட்டர் முதலில் கொட்டிக் காட்டுவது, சீப்பில் சிக்கிச் சுருட்டி எறிந்த தலைமுடி மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. தமிழ்மதி அந்தச் சிக்கைப் பொறுமையாக எடுப்பாள். ஒட்டி உறவாடுகிறவர்களை ஒரு கும்பலாக்குவாள். கோட்டின் மேல் கோடு ஏறாமல் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துவாள். இரண்டு கும்பலுக்கு நடுவே ஆள் இருந்தால், அவரை வெளியே இழுத்து வெட்டவெளியில் நிறுத்துவாள். பார்க்கிறவர் கண் நேராக அங்கே போய் உட்கார வேண்டும். "மதி போட்ட படத்தைச் சின்னக் குழந்தைகூடப் படிச்சிடும்" என்று முதலாளி ராஜேஷ்குமார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இந்த வேலை, அம்மா வேலுத்தாய் துணி வெளுக்கும் ரிசார்ட்டிலிருந்து வந்திருந்தது. வேலைக்காரர்களுக்கு ரிசார்ட்டே கொடுத்த போன்களின் விவரம். பெயர்கள் இல்லை, எண்கள்தான். சமையலறைக்குச் சிவப்பு, தோட்டத்துக்கு மஞ்சள், வரவேற்புக்கு நீலம், லாண்டரிக்குப் பச்சை. பணியாளர் தகவல் தொடர்பு ஆய்வு என்று மேலே எழுதியிருந்தது. எதற்கான ஆய்வு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலம் பெண்களை வில்பட்டியில் கொண்டுவந்து விடும் வேனை ரிசார்ட் நிறுத்தியிருந்தது. இருட்டுகிற நேரத்தில் நடந்து வந்த ஒருத்தியைக் காட்டுமாடு முட்டித் தொடையைக் கிழித்துப்போட்டது. அடுத்த சனிக்கிழமை, சீசன் உச்சத்தில், ஒரு அறையையும் யாரும் பெருக்கவில்லை. ஒரு துண்டும் வெளுக்கவில்லை. அடுப்பும் பற்றவில்லை. மத்தியானத்துக்குள் வேன் வந்துவிட்டது. வேனைக் கொடுத்தவர்களுக்கு, எல்லோரையும் ஒன்றாக நிறுத்திவைத்த வாய் யாருடையது என்று தெரிய வேண்டியிருந்தது.

லாண்டரியில் வில்பட்டிக்காரி அம்மா ஒருத்திதான். ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டபோது போனை ரிசார்ட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

தமிழ்மதி திரையைப் பார்த்தாள். அந்தப் பச்சைப் புள்ளிக்குக் கோடுகள் அதிகமில்லை. ஆனால் ஒன்று சமையலறைக்குப் போனது, ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று அறை பெருக்குகிறவர்களுக்கு, ஒன்று வாட்ச்மேன்களுக்கு. அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கும்பல்கள் தனித்தனியாக உதிர்ந்துபோகும். கம்ப்யூட்டர் அதைக் கூட்டத்துக்குள் புதைத்து வைத்திருந்தது. யாரென்று தெரியாமல் அதைக் காலையில் வெளியே இழுத்து நட்டநடுவில் நிறுத்தியவள் அவள்தான். நிறுத்திவிட்டு, படம் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்து ரசித்தும் இருந்தாள்.

ஒரு கோட்டையும் அவள் அழிக்கவில்லை. அழித்தால் ராஜேஷ்குமார் கண்டுபிடித்துவிடுவார். பச்சைப் புள்ளிகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துக் கீழ் ஓரத்துக்குத் தள்ளினாள். அம்மாவின் கோடுகள் மற்ற கோடுகளுக்கு அடியில் நுழைந்து மறைந்தன. ஆனால் நடு வெற்றிடமாகிவிட்டது. படம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. வரவேற்பில் ஒரு நீலப் புள்ளிக்கு எல்லாரையும்விட அதிகக் கோடுகள் இருந்தன. அதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கோடுகளுக்குத் தக்கபடி அதைப் பெரிதாக்கவும் செய்தாள். வரவேற்பில் இருப்பவர் எல்லோரையும் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும், வெந்நீர் கேட்டாலும் கம்பளி கேட்டாலும் அவர்தானே போன் போட வேண்டும், இது யாருக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படத்தில் பொய் எதுவும் இல்லை.

"சூப்பர் மதி. ஒரே பார்வையில தெரியுது" என்றார் ராஜேஷ்குமார். அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வேலுத்தாய் வேனிலிருந்து இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக, மதி."

"எந்தப் புள்ளைய?"

"ரிசப்சன்ல இருக்குமே, சண்முகப்பிரியா. பழனிப் புள்ள. அடிவாரத்துல அவுக அப்பா மாலைக் கடை வச்சிருக்காருன்னு சொல்வேன்ல. அன்னிக்கு எல்லாரையும் தூண்டி விட்டது அதுதேனாம். கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காமிச்சாகளாம். நடுவுல பெரிய வட்டமா அது நிக்கிதாம். சுத்தி நாங்கல்லாம் கோடு கோடாத் தொங்குறோமாம்."

தமிழ்மதி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அது அன்னிக்கு என்ன செஞ்சுச்சு தெரியுமா? ஒவ்வொரு ரூமாப் போயி மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ஒரு ஆளு அது மூஞ்சியிலயே ஈரத் துண்ட விட்டெறிஞ்சான். அதுவா தூண்டி விட்டுச்சுங்கிறாக?" வேலுத்தாய் மூக்கைச் சிந்தினாள். "நாளைக்கு வெள்ளனே போயி மேனேஜருகிட்டச் சொல்லப் போறேன்."

"என்னன்னும்மா?"

"சொன்னது நாந்தேன்னு. வேற என்னத்தச் சொல்ல?"

"வேணாம்மா. அதுக்குப் படிப்பிருக்கு, வேற எடத்துல வேல கெடச்சிரும். நீ போயி நின்னா உன் சோலியும் போயிரும்."

வேலுத்தாய் மகளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. யாரோ தெரியாதவர் வழி கேட்டது போலப் பார்த்தாள். பிறகு எழுந்து கால் கழுவப் போனாள்.

மறுநாள் ஆபீசில் தமிழ்மதிக்கு வேலை ஓடவில்லை. அம்மாவை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று முதலில் பயந்தாள். போகப்போக, அப்படியே சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். வேலுத்தாய் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். வாசலில் பூண்டைக் கொட்டி, அதன் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சிரிக்கான்."

"யாரு?"

"மேனேஜருதேன். நாந்தேன் சார் எல்லாருக்கும் சொன்னேன், அந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுன்னேன். ஒங்களயும் பேசச் சொல்லி அனுப்பிட்டாளான்னு கேக்கான். அவ பேச்ச நீங்க எம்புட்டுக் கேக்குறீங்கன்னு இப்பத்தான் நல்லாத் தெரியுதுங்கான். கம்ப்யூட்டரத் திருப்பிக் காமிச்சான். இந்தா பாருங்கம்மா, நீங்க இந்த ஓரத்துல கெடக்கீங்க, போயித் துணியப் பாருங்கன்னுட்டான்." வேலுத்தாயின் கத்தி நிற்கவில்லை. "பாதி நாளு லீவு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் புள்ள பெட்டியக் கட்டிக்கிட்டு நேத்தே பழனிக்கு எறங்கிருச்சாம். நான் போயிச் சொன்னதுல அது மேல இன்னுங் கொஞ்சம் மண்ணத்தேன் அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கேன்."

தமிழ்மதி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம். இப்படிப் படம் போடுகிறவர்கள் இந்த ஊரில் வேறு யாரும் இருக்கக்கூடாதா என்ன. அம்மா கேட்கவே மாட்டாள்.

"அந்தப் படத்த நாந்தாம்மா போட்டேன்."

கத்தி நின்றது.

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான். நீதாம்மா நடுவுல நின்ன. நாந்தான் ஓரத்துக்குத் தள்ளி வச்சேன்."

பூண்டுத் தோல் ஒன்று காற்றில் எழும்பி வேலுத்தாயின் முழங்காலில் ஒட்டிக்கொண்டது. அதை அவள் தட்டிவிடவில்லை.

"அப்ப அந்தப் புள்ளைய?"

தமிழ்மதி சொல்ல நினைத்ததெல்லாம் வேறு. அம்மாவுக்கு ஏதும் வந்துவிடக்கூடாது என்று பயந்ததைச் சொல்ல நினைத்தாள். அந்தப் பெண் யாரென்று தெரியாது என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நடுவுல எடம் காலியா இருந்துச்சும்மா."

வேலுத்தாய் கத்தியைக் கீழே வைத்தாள். அதற்குள் மேற்கே இருந்து மழை சத்தமில்லாமல் வந்துவிட்டது. முதல் துளி விழும் முன்னரே ஓடிப்போய்க் கொடியில் கிடக்கும் துணியை அள்ளிவருகிறவள் அவள். இப்போது எழுந்திருக்கவில்லை. தமிழ்மதியும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. காய்ந்து விறைத்திருந்த சேலை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறி, கனத்து, தொய்ந்து, அதன் முந்தானை சேற்றைத் தொட்டது.