வலது மூலையில் மாப்பிள்ளை

பெரியம்மா மகள் தேவிபிரியா அக்காவுக்கு மறுநாள் காலை ஆன்லைன் பரீட்சை. மதுரையில் ஒரு கம்பெனி வேலைக்கு. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுதலாம். ஆனால் அறையில் வேறு ஆள் குரல் கேட்டாலோ, திரையில் வேறு ஏதாவது பெட்டி எட்டிப் பார்த்தாலோ ஓர் எச்சரிக்கை விழும். மூன்றாவது எச்சரிக்கையோடு பரீட்சை தானாக மூடிக்கொள்ளும். போன வாரம் மாதிரித் தேர்வு அப்படித்தான் பாதியில் மூடியது. காரணம், அந்த வீட்டு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் பெரியம்மாவின் மூத்த மகள் கிருஷ்ணப்ரியாவைக் கட்டிய காளீஸ்வரன் மச்சான். திருப்பூரில் வேலை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை மாமனார் வீட்டுக்குக் கொடுத்தார். அதில் அவருடைய கிளவுடு கணக்கும் அப்படியே இருந்தது. பிறகு பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி அடிக்கடி எழுந்து, ‘காளீஸ்வரன், மீண்டும் உள்ளே வாருங்கள்’ என்று ஆங்கிலத்தில் அழைத்துக்கொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை பேர் தெரிந்தால் சேலையைச் சரிசெய்துகொள்வார். பெரியப்பா ஜெயக்குமார், பெட்டியில் இருந்த ‘பிறகு’ என்ற பொத்தானை மரியாதையாக அமுக்குவார். கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவர்களிடம் வர மாட்டேன் என்று யாராவது சொல்வார்களா? பார்க்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் அதை நம்பி மறுபடி வந்தது.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. ஆகவே அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாளையம்பட்டியில் எங்கள் சொந்தக்காரர் யார் வீட்டில் ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் போனேன்.

“பாஸ்வேர்டு தெரியுமா பெரியப்பா?”

“போட்டுப் பாக்காமயா இருப்பேன்? குலசாமி பேரு போட்டேன். பேத்தி பேரு போட்டேன். கடைசியா எம் பேரையும் போட்டுப் பாத்தேன்.”

அந்தக் கடைசி முயற்சியில் இருந்த தன்னம்பிக்கையை நான் மதித்தேன்.

“மச்சான்ட்டயே கேட்டா ஒரு நிமிச வேலை.”

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். விஷயம் எனக்கும் தெரியும். கோயில் பொங்கலுக்குப் பெரியப்பா மாப்பிள்ளையைப் போனிலேயே அழைத்துவிட்டார். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து மச்சான் இந்த வீட்டோடு பேசுவதில்லை. போனில் அழைத்ததற்காகக் கோபித்துக்கொண்டவரிடம் பாஸ்வேர்டையும் போனிலேயே கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

“அப்பக் கணக்கையே எடுத்துருவோம். அவருக்கு ஒரு மெயில் போகும், அவ்வளவுதான்.”

“பேர எடுக்கிறதா?” பெரியம்மா எழுந்தேவிட்டார். “ரேசன் கார்டுல செத்தவுக பேரத்தாம்ல எடுப்பாக. அவுக நல்லா இருக்கைல என்ன பேச்சு இது?”

“கட்டிக் குடுத்த பிள்ளைக பேரையும் எடுப்பாகம்மா. அக்கா பேர எடுத்தீகல்ல?” என்றாள் தேவிபிரியா.

“அது வேற.”

நான் நடுவழி ஒன்றைச் சொன்னேன். கணக்கு இருக்கட்டும், பேரும் இருக்கட்டும், அறிவிப்பை மட்டும் அணைத்துவிடலாம்.

“அப்ப மாப்பிள்ள கூப்பிட்டா?”

“கூப்பிடுவாரு பெரியம்மா. நமக்குத் தெரியாது.”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். “இப்பவும் அப்படித்தான இருக்கு. அணை.”

செட்டிங்ஸில் அறிவிப்புகள் பக்கத்துக்குப் போய் அந்தக் கிளவுடு செயலியின் பட்டனை அணைத்தேன். காப்பி வந்தது. குடித்து முடிக்கும்வரை மூலை சுத்தமாக இருந்தது. வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

காலையில் அக்கா போன் செய்தாள். “ஏலே மதனு, ஓடியா.”

பரீட்சைக்கு முன்னால் கேமராவையும் மைக்கையும் சோதிக்கும் பக்கத்திலேயே பெட்டி வந்துவிட்டது. முதல் எச்சரிக்கை. சோதனையில் விழுவதும் கணக்கில் சேருமாம். நான் செயலியின் வாயை மட்டும் அடைத்திருந்தேன். அதே கணக்கைப் பற்றி கம்ப்யூட்டரும் தன் பங்குக்குத் தனியாகக் கூப்பிடும் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இல்லை.

“இன்னொரு பட்டன் இருக்கும்க்கா, தேடுறேன்.”

“நீ தேடு. பரீட்சை நிக்காது.” மவுஸைப் பிடுங்கினாள். கணக்குகள் பக்கம், காளீஸ்வரன், நீக்கு. நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா ‘ஆம்’ என்பதை அமுக்கினாள். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் பெரியப்பாவின் போன் அடித்தது.

“யாரு?” என்றார் பெரியம்மா.

“மாப்பிள்ள.”

“மாப்பிள்ளையா!”

பவர்லூம் தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகிய பெரியம்மாவின் குரல். உள்ளே கம்ப்யூட்டர் ‘டொய்ங்’ என்றது. இரண்டாவது எச்சரிக்கை. இனி ஒரு சத்தத்துக்கும் இடமில்லை.

பெரியப்பா போனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். நானும் போனேன். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தெரியாது என்பதால் எல்லாம் கேட்டது.

“எம் பேர எடுத்துட்டீகளாமே?”

“ஆமா மாப்பிள்ள. மெதுவாப் பேசுங்க. தேவி பரீட்ச எழுதுது.”

“என்ன மாமா இது?” மச்சானும் குரலைத் தாழ்த்தினார். “கேட்டிருந்தா பாஸ்வேர்டு சொல்லிருப்பேன்ல?”

“போன்ல கேட்டா நீங்க கோவிச்சுக்கிருவீகளே.”

கிசுகிசுத்துக்கொண்டே சண்டை போடுவது கஷ்டம். இருவரும் முயன்றார்கள். குரல் உயரும் இடத்திலெல்லாம் ‘பரீட்ச, பரீட்ச’ என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டார்கள்.

“அருப்புக்கோட்டையில யாரோ உங்க கணக்குல நுழையப் பாக்குறாக, அது நீங்களான்னு எனக்கும் மெசேஜ் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு மாமா.”

“என்ன போட்டீக?”

“நான் இல்லன்னு அமுக்குனேன்.”

“அது நாந்தான் மாப்பிள்ள.”

“தெரியும் மாமா.”

பிறகு பெரியப்பா, “பொங்கலுக்கு நேர்லதான் வந்திருக்கணும். தறியில லோடு ஏத்துற அவசரம்” என்றார். “சரி விடுங்க” என்றது போன். அதன்பின் பேத்திக்குச் சளி, திருப்பூரில் மழை என்று பேச்சு பரீட்சை முடியும்வரை கிசுகிசுப்பிலேயே ஓடியது.

கதவு திறந்தது. அக்கா நேராக மரத்தடிக்கு வந்தாள். மூன்றாவது எச்சரிக்கை விழவில்லை. முழுப் பரீட்சையும் எழுதிவிட்டாள். யார் லைனில் இருப்பது என்று தெரிந்ததும் போனை வாங்கிக்கொண்டாள்.

“நாந்தான் உங்க பேர எடுத்தேன் மச்சான். இவுக இல்ல.”

“அது கெடக்கட்டும். எப்படி எழுதுன?”

“ஒரு கணக்கு மட்டும் சந்தேகம். ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்துல நெறைக்கும். அடியில ஒரு ஓட்டை பன்னண்டு மணி நேரத்துல காலி பண்ணும். ரெண்டும் தெறந்திருந்தா தொட்டி எப்ப நெறையும்?”

மச்சான் போனிலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். பெரியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

“ஆறு மணி நேரம் தண்ணி வருதா? எந்த ஊர்லடி?”